பள்ளியை வேண்டாமென்பது யார்?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று சொல்லும் பெற்றோர் நம் நகரங்களில் அங்கொருவர் இங்கொருவராகத் தட்டுப்படுகிறார்கள். கேட்டதும் ‘பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடுகிறார்கள்’ என்று பதறுபவர்கள் உண்டு. ‘நமக்கு இந்தத் துணிச்சல் இல்லையே’ என்று பெருமூச்சு விடுபவர்களும் உண்டு. ஹோம் ஸ்கூலிங் எனப்படும் வீட்டுக்கல்வியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு இந்த வழக்கைப் பேசலாம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின் கைப்பேசியில் நடந்த வகுப்பு வீட்டுக்கல்வி ஆகாது. பாடம், நேரம், தேர்வு எல்லாம் அப்போதும் பள்ளியின் கையில்தான் இருந்தன. வீடு இடம் மட்டும் கொடுத்தது. எதை, எப்போது, எப்படிப் படிப்பது என்ற முழுப் பொறுப்பையும் குடும்பமே ஏற்பதுதான் வீட்டுக்கல்வி. கஷ்டத்தால் படிப்பு நின்று வேலைக்குப் போகும் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இதில் பல வகை. சிலர் வீட்டையே பள்ளிக்கூடமாக்குகிறார்கள்: கால அட்டவணை, சிபிஎஸ்இ அல்லது சமச்சீர்ப் பாடநூல், வாரத் தேர்வு. சிலர் மாண்டிசோரி, வால்டார்ஃப் முறைகளைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இங்கிலாந்தின் சார்லட் மேசன் வகுத்த முறையில் பாடவேளை சின்னது. நல்ல புத்தகத்தில் ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசிப்பார்கள், பிள்ளை அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலைந்து குடும்பம் ஒன்றாகி, கணக்குத் தெரிந்தவர் கணக்கு, தோட்டம் தெரிந்தவர் தோட்டம் என்று பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்துகொள்வோரும் உண்டு.

மறுகோடியில் இருப்பது அன்ஸ்கூலிங். பாடத்திட்டமே கிடையாது, பிள்ளையின் ஆர்வம் போகும் வழியே படிப்பு. இதை முன்வைத்த ஜான் ஹோல்ட் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். பாடத்தைப் புரிந்துகொள்வதை விட்டுவிட்டு ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையை ஊகிப்பதிலேயே பிள்ளைகள் குறியாக இருப்பதைக் கண்டு 1964-இல் ‘ஹவ் சில்ரன் ஃபெயில்’ எழுதினார். பள்ளியைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை விட்டுப்போன பிறகு, 1977-இல் ‘குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்’ என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டது அதன் பக்கங்களில்தான். 1993 வாக்கில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுபடியாயிற்று. சமயப் பிடிப்புள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் போராட்டமும் அதற்கு ஒரு காரணம். ஜெர்மனியோ பள்ளி வருகையைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதற்குத் தடை சொல்லவில்லை.

பாடத்திட்டம் இல்லையென்றால் பிள்ளையைச் சும்மா விட்டுவிடுவது என்று பொருளில்லை. இந்த முறை கரண்ட் பில் ஏன் ஏறியது என்று பத்து வயதுப் பிள்ளை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் புது அளவிலிருந்து பழைய அளவைக் கழிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கான இலவச யூனிட் போக, மிச்சத்தை அடுக்கடுக்காகப் பிரித்து அந்தந்த விலையால் பெருக்க வேண்டும். கழித்தல், பெருக்கல், தசமம், கோடையில் மின்விசிறி ஓடிய கணக்கு, இலவசத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்ற அரசியல், எல்லாம் ஒரே பில்லில் அடக்கம். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து சலிக்காமல் பதில் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். பெரும்பாலும் அது வேலையை விட்டுவிட்ட அம்மா. வீட்டுக்கல்விக்குக் கட்டணம் இல்லை என்பவர்கள் அவர் இழந்த சம்பளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே கற்பிக்க முனைந்த காந்திக்கும் இப்படிப் பக்கத்தில் உட்காரும் நேரம்தான் வாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் மகன்களைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்துக்கு நடந்துபோய் வரும் வழியில் பேசிப் பேசியே கற்பித்தார். 1910-இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். ஜி.யு. போப்பின் கைநூலைத் தாண்டாத தமிழ் அது. பேச்சுத் தமிழில் பிள்ளைகளே அவரை மிஞ்சினார்கள், ஆங்கிலம் அறியாத தமிழர்கள் வந்தால் மொழிபெயர்த்தும் உதவினார்கள். காலையில் உடலுழைப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பு. தூக்கத்தோடு மல்லுக்கட்டியதை அவரே எழுதியிருக்கிறார். நாளுக்கு ஒரு மணி நேரம்கூட ஒழுங்காக ஒதுக்க முடியவில்லை என்பதையும், மகன்களுக்கு அந்தக் குறை இருந்ததையும் சுயசரிதையில் மறைக்கவில்லை. மூத்தவர் ஹரிலால் 1911-இல் தந்தையைப் பிரிந்து அகமதாபாத் வந்து, இருபது வயதைத் தாண்டிய பிறகு மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். பள்ளி வேண்டாம் என்றது தந்தையின் கொள்கை. அதற்கு விலை கொடுத்தது மகன்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலைத் தாண்ட முடியாதிருந்தவர்களுக்கு வீட்டிலேயே கற்றுக்கொள் என்பது கல்வியாகத் தெரியவில்லை; கதவடைப்பாகத் தெரிந்தது. அவர்கள் கண்டது சரி. பள்ளியைத் துறப்பது பள்ளியில் இடம் உறுதியானவர்களுக்கே எளிது.

இன்றைய சட்டம் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை எழுதலாம். தமிழக அரசுத் தேர்வுகளுக்கும் தனித்தேர்வர் வழி இருக்கிறது. ஆக, பதினான்குக்குப் பிறகு பாதை தெளிவு. அதற்கு முன்புள்ள எட்டு ஆண்டுகள்தான் இருட்டு.

வீட்டுக்கல்வியைத் தடை செய்யக் கூடாது. கேள்வி கேட்காமல் விடவும் கூடாது என்பது நம் நிலைப்பாடு. இதைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஆசிரியர் பெற்றோர் இல்லாத நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசட்டும். மதிப்பெண் போட அல்ல, உனக்கு இது பிடித்திருக்கிறதா என்று கேட்க. பிடிக்கவில்லை என்று சொன்னால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்துகொள்ளக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. பள்ளி வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம். வேண்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

வீட்டுக்கல்வி பற்றித் தமிழில் நாம் படித்திருப்பதெல்லாம் பெரும்பாலும் பெற்றோர் எழுதியவை. வீட்டிலிருந்தே படித்து வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், நல்லதோ கெட்டதோ, எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.