கம்மலை வைத்து லென்ஸ் வாங்கலாமா?

திருவொற்றியூர் தேரடி பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடமிருந்து போன மாதம் ஒரு குரல் செய்தி வந்தது. அவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"சார், எம் பொண்ணு விஸ்காம் ரெண்டாவது வருஷம் படிக்குது. லீவு நாள்ல ஒரு ஸ்டுடியோக்காரரோட கல்யாணம், காதுகுத்துன்னு போட்டோ எடுக்கப் போவுது. அம்பது எம்.எம். லென்ஸ் ஒண்ணு வேணும்னு கேக்குது. அதுலயே பத்தாயிரத்துக்கும் இருக்காம், முப்பதாயிரத்துக்கும் இருக்காம், லட்சத்துக்கு மேலயும் இருக்காம். கையில பத்து வச்சிருக்கேன். அரை சவரன் கம்மல் இருக்கு, அத வச்சா முப்பதாயிரத்துதையே வாங்கிடலாம். வாங்கினா போட்டோ நெசமாவே நல்லா வருமா? நீங்க சொன்னா வச்சுடறேன்."

இந்தப் பகுதியில் எத்தனையோ கேமரா கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்வது தப்பாகப் போனால் கேட்டவருக்குக் கொஞ்சம் காசு நஷ்டம், அவ்வளவுதான். இங்கே போவது ஒருவர் காதில் கிடக்கும் கம்மல். வீட்டில் உட்கார்ந்தபடி பதில் எழுத மனம் வரவில்லை. நண்பரிடம் ஒரு எஃப் 1.8 லென்ஸை இரவல் வாங்கினேன். எஃப் 1.4 ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் அந்தப் பெண்ணிடமே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்கு அந்தப் பெண், அவள் தாய்மாமா, நான் மூவரும் காசிமேட்டுக்குப் போனோம்.

போன கதைக்கு முன்னால், கேமரா பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. பிரைம் லென்ஸ் என்பது ஜூம் ஆகாத லென்ஸ். கிட்டத்தில் வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதற்கான கணக்கு. எண் சின்னதாக ஆக ஆக வாய் பெரிதாகும், உள்ளே வரும் வெளிச்சமும் கூடும்.

பத்தாயிரம் என்ன வாங்கித் தருகிறது?

காசிமேட்டில் ஏலம் சூடு பிடிப்பது விடிவதற்கு முன்புதான். தலைக்கு மேலே விளக்கு, கீழே ஈரத் தரை, நடுவில் கூடையும் ஐஸுமாக ஓடுகிற மனிதர்கள். யாரும் நமக்காக நிற்க மாட்டார்கள். ஷட்டரை 1/125க்குக் கீழே இறக்கினால் எல்லோரும் கோடாகிவிடுவார்கள்.

கிட் லென்ஸை 50 எம்.எம்.மில் வைத்தால் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும். நாங்கள் நின்ற இடத்தில் அதற்கு ஐ.எஸ்.ஓ. 12800 தேவைப்பட்டது. படம் முழுக்க ரவை தூவியது போலப் புள்ளி. அதே இடம், அதே ஷட்டர், எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் 1250 போதும். எஃப் 1.4க்கு 800. எஃப் 1.2 லென்ஸ் இருந்திருந்தால் கணக்குப்படி 600ஐ ஒட்டி வந்திருக்கும்.

இந்த எண்களை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். முதல் பத்தாயிரம் ரூபாய் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட பத்து மடங்காக்குகிறது. அடுத்த இருபதாயிரம் அதை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே கொண்டுபோகிறது. அதற்கும் மேலே லட்சத்தைக் கொட்டினாலும் 1.8ஐவிட இரண்டேகால் மடங்குதான். முதல் படி ஏறினால் மொட்டை மாடி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாங்குவதெல்லாம் மாடியில் போடும் நாற்காலி.

பத்தாயிரத்துக்கு இவ்வளவு நல்ல லென்ஸ் எப்படிக் கொடுக்க முடிகிறது என்று சந்தேகம் வரும். காரணம், இதன் வடிவமைப்பு ரொம்பப் பழையது. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் 'பிளானர்' என்ற லென்ஸை வடிவமைத்தார். துளைக்கு முன்னும் பின்னும் கண்ணாடிகளைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிரெதிராக அடுக்கினால், ஒரு பக்கம் செய்யும் பிழையை மறுபக்கம் பெருமளவு சரிசெய்துவிடும். இன்றைய 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்த பேரப்பிள்ளைகள். ஆறேழு கண்ணாடி போதும், பெரிய உடம்பு வேண்டாம். கேனானின் எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். அதே நிறுவனத்தின் புது வரிசை எஃப் 1.2 லென்ஸ் 950 கிராம். ஃபிலிம் காலத்தில் பல கேமராக்கள் 50 எம்.எம். லென்ஸோடுதான் கடைக்கு வந்தன. ஏராளமாகச் செய்து பழகிய பொருள் என்பதால் விலையும் இறங்கியது.

முப்பதாயிரத்தில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்று காட்சிகளை மூன்று லென்ஸிலும் எடுத்தோம். ஏலத்தில் கூவும் ஒரு பாட்டியின் முகம், துறைமுகத்தில் விளக்கோடு நிற்கும் விசைப்படகுகள், விடிந்த பிறகு எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ஒன்பது படங்களையும் 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு, எந்த லென்ஸ் என்பதைப் பின்பக்கம் மட்டும் எழுதி, கடைக் கூட்டம் அடங்கிய பதினொரு மணிக்கு அந்த அம்மாவின் இட்லிக்கடைப் பெஞ்சில் பரப்பினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டி முகத்தில் ஒன்று, படகில் ஒன்று, இரண்டையும் தனியே தள்ளினார். "இது ரெண்டும் புழுதி அடிச்சாப்ல இருக்கு சார்." இரண்டும் கிட் லென்ஸ். அடுத்து எண்ணூர்ப் படங்கள். "இது மூணும் ஒண்ணுதானே? எதுக்கு மூணு பிரிண்ட் போட்டு காசக் கரியாக்குறீங்க?" அவர் சொன்னது சரி. நல்ல வெளிச்சத்தில் எஃப் 8இல் வைத்து எடுத்தால் கிட் லென்ஸும் முப்பதாயிரம் ரூபாய் லென்ஸும் பிரிண்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். மிச்சம் நான்கு படங்களை முன்னும் பின்னும் பார்த்தார். 1.8ஐயும் 1.4ஐயும் அவரால் பிரிக்க முடியவில்லை.

மகளால் முடிந்தது. படகுப் படத்தை மூக்கருகே கொண்டுபோய், ஓரத்தில் இருந்த விளக்கைக் காட்டினாள். 1.8இல் அந்த விளக்கு உருண்டையாக இல்லாமல் ஈசலுக்கு இறக்கை முளைத்தது போல இழுபட்டிருந்தது. பாட்டியின் கூடையில் கிடந்த வாளை மீனின் வெள்ளி விளிம்பில் மெல்லிய ஊதா கோடு. 1.4 லென்ஸில் இரண்டும் குறைவு. ஆனால் அந்தப் படங்களில் அதை எஃப் 2 வரை மூடியிருந்தோம். எஃப் 1.4இல் முழுதாகத் திறந்து எடுத்து கேமராத் திரையில் பார்த்தபோது இறக்கை இன்னும் பெரிதாக இருந்தது, படமும் பால் கலந்தது போல வெளிறியது.

இன்னொன்று. ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எஃப் 1.4இல் எடுத்தால், அவள் கேமராவில் தெளிவாக விழுவது சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான். மணப்பெண் முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், கண் மங்கிவிடும். கல்யாண ஆல்பத்தில் அதை யாரும் கலை என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே எஃப் 2, எஃப் 2.8க்குத்தான் மூடி எடுப்போம். அங்கே இரண்டு லென்ஸுக்கும் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடுகிறது.

விலை உயர்ந்த லென்ஸ்களில் உறுதியான உடம்பு, வேகமான ஃபோகஸ், தூசி ஈரம் புகாத அடைப்பு போன்றவையும் வரும். தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறவருக்கு இவை பெரிய விஷயம். மாதம் இரண்டு விசேஷம் எடுக்கும் மாணவிக்கு அவசரமில்லை.

நம்ம ஊர் உப்புக் காற்று

லென்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூர்மையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குடியிருப்பவர்களுக்கு லென்ஸின் முதல் எதிரி வேறு. கடல் காற்றில் உப்பும் ஈரமும். சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி 2011இல் எண்ணூருக்கு மாறியதால் ராயபுரத்துக்கு அந்தத் தொல்லை குறைந்தது. எண்ணூர்ப் பக்கம் கரித்தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் இன்னும் இருக்கின்றன. லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடித்துவிட்டால் பத்தாயிரமும் ஒன்றுதான், ஒன்றரை லட்சமும் ஒன்றுதான்.

செலவு அதிகமில்லாத வைத்தியம் இது. ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். பீரோவில் துணிகளுக்கு நடுவே, தோல் பைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். கடற்கரை போய் வந்தால் முதலில் ஊதி, பிறகுதான் துடைக்க வேண்டும். ஊதாமல் துடைத்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டிக்கொள்ளுங்கள். இரவில் எதிரே விளக்கு இருந்து படத்தில் பேய் வெளிச்சம் விழுந்தால் மட்டும் கழற்றுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால் செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் ஃபங்கஸ், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நிகான் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய 'டி' வகை 50 எம்.எம். லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் அந்த மோட்டார் இல்லாததால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

வாங்கும் முன் ஒரு சோதனை

அந்தப் பெண்ணிடம் இருப்பது சிறிய சென்சார் கேமரா. அதில் 50 எம்.எம். மாட்டினால் கேனானில் 80 எம்.எம். போலவும், நிகான், சோனியில் 75 எம்.எம். போலவும் காட்சி நெருங்கிவிடும். தனி முகத்துக்கு அருமை. திருவொற்றியூரில் பத்துக்குப் பத்து ஹாலில் நடக்கும் வளைகாப்பில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் நாலு பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் கிட் லென்ஸை 50இல் வைத்து, ஜூம் வளையத்தில் செல்லோடேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். மறுநாள் 24இல் ஒட்டுங்கள். எந்த நாள் கை தவித்தது, எந்த நாள் தவிக்கவில்லை என்பதை வைத்து எந்த லென்ஸ் என்று முடிவு செய்யலாம். 24 எம்.எம். பிரைம்களிலும் மலிவானவை உண்டு.

இனி கம்மல் விஷயம். கடன் வாங்கிக் கேமரா வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வடசென்னை இளைஞர்கள் தங்கள் ஊரைத் தாங்களே எடுத்த படங்களின் கண்காட்சி 2023இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், மதுரையில் மீன் விற்ற ஒரு தாயின் மகன். முதல் கேமராவைக் கடன் வாங்கித்தான் வாங்கினார். கேமராவே இல்லாதவருக்குக் கடன் ஒரு கதவைத் திறக்கிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவருக்கு எஃப் 1.8க்கும் 1.4க்கும் நடுவில் இருப்பது கதவு இல்லை, திரைச்சீலை.

நான் சொன்ன பதில் இதுதான். கையில் இருக்கும் பத்தாயிரத்துக்கு எஃப் 1.8 வாங்குங்கள். கம்மலைத் தொட வேண்டாம். பெரிய கல்யாணம் வந்து 1.4 தேவைப்பட்டால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை வேலைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். வாடகை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அவை லென்ஸ் விலையில் கால் பங்கைத் தொடும் நாளில் வாங்குங்கள். அப்போது அந்த லென்ஸுக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மகளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. "ஆனா அந்த வெளக்கு ஓரம் எனக்குத் தெரியுதே சார்" என்றாள்.

"தெரியறது நல்லதும்மா. அந்தக் கண்ணு வாடகைக்குக் கிடைக்காது. லென்ஸ் கிடைக்கும்" என்றேன்.

அம்மா பிரிண்டுகளை அடுக்கி மகளிடம் கொடுத்தார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப இது இருக்கட்டும். கேமராவையே மாத்தணும்னு ஒரு நாள் வந்து நிப்பா இல்ல, அப்ப பாத்துக்கலாம்."

அடுத்த வாரம்: விசேஷ வீட்டில் ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காமல் எடுப்பது எப்படி?