டெப்புக்கு எழுத்தாணி வேண்டுமா?

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் ராத்தாவுக்காக, வாப்பா பல மாதங்கள் சேர்த்த பணத்தில் நடுத்தர விலையில் ஒரு டெப் வாங்கி வந்தார். கடையில் ஒரு பேனையும் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அன்றிரவே ராத்தா அதில் ஒரு கணக்கைச் செய்ய உட்கார்ந்தார். கையைத் திரையில் ஊன்றியதும் கோடுகள் தாறுமாறாக ஓடின. பின்னத்தின் மேலே எது, கீழே எது என்று அவருக்கே விளங்கவில்லை. பத்து நிமிடத்தில் பேனை லாச்சிக்குள் போய்விட்டது. இன்றும் அவர் கொப்பியில் எழுதி, படம் பிடித்துத்தான் வட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்புகிறார்.

அந்த இறப்பர் முனைப் பேனை விரலின் வேலையை மட்டுமே செய்யும். திரைக்கு அதுவும் விரல்தான். ஊன்றிய கையும் விரல்தான். எழுதுவதற்கென்றே அமைந்த டெப்பில் பேனையைத் தனியாக அறியும் ஏற்பாடு திரையோடு சேர்ந்தே இருக்கும். பேனை படும்போது கையின் தொடுகையை அது ஒதுக்கிவிடும். தொழிற்சாலையில் வைக்காத இந்த ஏற்பாட்டைப் பின்னர் ஒரு செயலியைத் தரவிறக்கிப் பெற முடியாது.

இது பணக்காரருக்கான வசதி என்று சிலர் சொல்வார்கள். 2015இல் அப்பிள் பென்சில் வந்தபோது அது விலையுயர்ந்த ஐபேட் புரோவுக்கு மட்டுமே உரியதாக இருந்தது உண்மை. ஆனால் 2018இல் 329 டொலர் ஐபேட்டுக்கும் அந்த வசதி வந்தது. பென்சிலுக்கு வேறாக 99 டொலர். 2020இல் சம்சுங் நிறுவனம் டெப் எஸ்6 லைட் என்ற நடுத்தர டெப்பின் பெட்டிக்குள்ளேயே பேனையை வைத்துக் கொடுத்தது. ஆகவே, நடுத்தர விலையில் இது முடியாத காரியமல்ல.

"கொப்பியும் பேனையும் போதாதா மகள்?" என்று உம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி. பரீட்சையை நாம் கடதாசியில்தான் எழுதுகிறோம். கொப்பியை ஒருநாளும் கைவிட முடியாது. ஆனால் ஆசிரியர்கள் அனுப்பும் பயிற்சித்தாள்களை ஒவ்வொரு முறையும் அச்செடுக்கக் காசு வேண்டும், கடைக்கும் போக வேண்டும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்தத் தாளிலேயே விடையை எழுதித் திருப்பி அனுப்ப முடிந்தால் எவ்வளவு உதவி! இரசாயனச் சமன்பாட்டையும் கேத்திரகணித உருவத்தையும் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரமிருக்கிறது?

எழுத்தாணி நமக்குப் புதியதுமல்ல. பௌத்த போதனைகள் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படும் அலுவிகாரை நமது மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலைக்கு ஏற்ற ஆணியைத் தேடிக்கொண்டார்கள். நாம் மட்டும் திரைக்குப் பொருந்தாத பேனையோடு ஏன் போராட வேண்டும்?

எனது கருத்து இதுதான். மாணவர்களுக்கென்று சொல்லி விற்கப்படும் நடுத்தர டெப் ஒவ்வொன்றிலும் பேனையை ஏற்கும் வசதி இருக்க வேண்டும். பேனையைப் பெட்டிக்குள் வைத்து விலையைக் கூட்டத் தேவையில்லை. முடிந்தவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். மிகக் குறைந்த விலை டெப்களில் இதை வற்புறுத்தவும் கூடாது. பாடங்களைப் பார்க்க மட்டும் ஒன்று தேவைப்படும் குடும்பத்துக்கு அந்த விலையே பெரிய சுமை.

பெற்றோரே, டெப் வாங்கப் போகும்போது உங்கள் மகளையும் கூட்டிச் செல்லுங்கள். பேனை இலவசமா என்று கேட்காதீர்கள். இந்த டெப் எந்தப் பேனையை ஏற்கும் என்று கேளுங்கள். திரையில் கையை நன்றாக ஊன்றி, அவளுடைய பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து ஒழுங்காக வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.