பிரேக்பாயிண்ட் பொய் சொல்லாது சாமியோவ்!

பொட்டி தட்டுற மக்களே, இன்னிக்கு ஒரு சண்டை போடத்தான் வந்திருக்கேன். கும்மிடிப்பூண்டி மேட்டர்தான், ஆனா கும்மிப் பதிவு இல்ல :-)

விசுவல் ஸ்டூடியோவுல பிரேக்பாயிண்ட் வெச்சா, சிவப்புப் பொட்டு நிறையாம வெறும் வளையமா நிக்குதா? யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம். "தல, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டீபக்கிங் போங்க. சோர்ஸ் ஃபைல் அச்சு அசலா ஒத்துப்போகணும்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க." கேட்டவரும் "சூப்பர் தல, வொர்க் ஆகுது"ன்னு போயிடுவார். காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை உடைச்ச கதை இது.

கம்பைல் பண்றப்போ டிஎல்எல் கூடவே ஒரு பிடிபி ஃபைலும் வருது. எந்த வரி எந்த இடத்துல போய் உக்காந்திருக்குங்கற கணக்கு அதுலதான் இருக்கு. கூடவே அன்னிக்கு கம்பைல் ஆன சோர்ஸோட செக்சம்மும். டீபக்கர் அதையும் நீங்க தொறந்து வெச்சிருக்கிற ஃபைலையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு, "ஓடுறது வேற, நீ பாக்குறது வேற"ன்னு சொல்லுது. அதைப் போய் வாயை மூடுங்கறோம்!

நானும் மூடினவன்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு கம்பெனி (பேர் வேணாம்). எடை மேடைக்கு சி ஷார்ப்ல எழுதின மென்பொருள். லாரி ஏறி ஆடி அடங்குறதுக்கு முன்னாடியே எடை பதிவாகி சீட்டு அடிச்சிடுது. இண்டிகேட்டர் அனுப்புற வரியிலயே எடை நின்னுடுச்சா, இன்னும் ஆடுதான்னு ஒரு குறி வரும். அதைப் பாத்துட்டு பதிவு பண்ணணும், அவ்ளோதான். சீரியல் போர்ட்டைப் படிக்கிற டிஎல்எல்லுல நாலு வரி சேத்தேன். ஒண்ணும் மாறலை. பிரேக்பாயிண்ட் வெச்சேன், வளையம். டிக்கை எடுத்தேன், நின்னுது! ஆனா எங்க? ஒரு கமெண்ட் வரியில. அங்கயாவது உறைச்சிருக்கணும். உறைக்கலையே. என் லாஜிக்தான் தப்புன்னு நல்லா இருந்த கோடை மூணு தடவை மாத்தி எழுதினேன். வெளியில ஸ்கிராப் லாரிங்க வரிசை கட்டி நிக்குது. டிரைவர் ஒருத்தர் வந்து, "சார், எவ்ளோ நேரம்?"ங்கறார்.

கடைசில மாட்யூல்ஸ் விண்டோவைத் தொறந்தா (கண்ட்ரோல், ஆல்ட், யூ), அந்த டிஎல்எல்லோட தேதி ஆறு வாரம் பழசு. எப்பவோ ஒரு 32 பிட் டிரைவருக்காக எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் சேத்தப்போ, கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல இந்த ப்ராஜெக்டுக்கு மட்டும் பில்ட் டிக் போயிருக்கு. சொல்யூஷனை கிளீன் பண்ணி ரீபில்ட் பண்ணாலும் அதைத் தாண்டிப் போயிட்டே இருக்கும். நான் எழுதின எதுவுமே ஓடவே இல்லைங்க! மொத நிமிஷத்துலயே அந்த வளையம் இதைத்தான் சொல்லிச்சு.

"கஸ்டமர் தலைமேல நிக்கும்போது இதெல்லாம் பாக்க நேரமில்ல"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். மாட்யூல்ஸ் பாக்க பத்து செகண்ட். எந்த ஃபோல்டர்ல இருந்து ஏறுது, என்ன தேதி, சிம்பல் ஏறிச்சா, மூணும் அங்கயே இருக்கு. நான் டிக்கை எடுத்ததுக்கு அரை நாள் போச்சு.

ரிலீஸ் பில்ட் வேற கதை. அங்கயும் பிடிபி வரலாம், ஆனா ஆப்டிமைசர் வரிகளைக் கலைச்சிருக்கும், சின்ன ஃபங்ஷனை அப்படியே முழுங்கியிருக்கும். ஜிசிசி ஆளுங்களுக்கும் இதேதான். மைனஸ் ஜி போட்டா சிம்பல் வரும், ஆப்டிமைசேஷன் அது பாட்டுக்கு தனி. ஓ2 போட்டுட்டு வேரியபிள் மதிப்பு தெரியலைன்னு ஜிடிபியைத் திட்டுறது என்ன நியாயம்? டீபக்கிங்குக்குன்னே மைனஸ் ஓஜின்னு ஒண்ணு 2013ல ஜிசிசி 4.8லயே வந்தாச்சு.

டிக்கை எடுக்கிறதுல நியாயமே இல்லைன்னு சொல்லலை. கிட் வரி முடிவுக் குறிகளை மாத்தி வெச்சாலும் செக்சம் மாறிடும், கோடு ஒண்ணாத்தான் இருக்கும். அதை உறுதிப்படுத்திட்டு எடுங்க, வேலை முடிஞ்சதும் திருப்பிப் போடுங்க. "எடுத்துடுங்க தல"ன்னு ஒத்தை வரியில பதில் சொல்றவங்க இதைச் சொல்றதே இல்ல. அதுதான் என் கடுப்பு.

டிஸ்கி: பில்ட் டிக்கைப் போட்டதும் மொத நாலு வரியே ஒழுங்கா ஓடிச்சு. அப்புறம் மூணு தடவை மாத்தினதைத் திருப்பி எடுக்கிறதுக்குள்ள கடைசி லோக்கலை விட்டுட்டேன் :-(