உதவியும் நிபந்தனையும்: வங்காள தேசத்தின் பட்டறிவு

செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்கு வழங்கும் உதவி வெறும் பணமாக வருவதில்லை. மருத்துவத் துறையைச் சீர்திருத்தினால்தான் அடுத்த தவணை என்பது நெடுங்காலமாகப் பழகிப்போன பேச்சு. நிபந்தனை என்பதே தீது என நாம் கூறவில்லை. அதை விதிப்போர் யார் என்பதே நம் வினா.

வங்காள தேசத்தை நோக்குவோம். 1982இல் அந்நாட்டு அரசு, பேராசிரியர் நூருல் இஸ்லாம் தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி மருந்துச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. பயனற்றவை, தீங்கு விளைப்பவை எனக் கண்ட ஏறத்தாழ 1,700 மருந்துகள் விலக்கப்பட்டன. 150 மருந்துகள் இன்றியமையாதவை என வரையறுக்கப்பட்டன. வேண்டாத டானிக்குகளும் கலவை மருந்துகளும் ஏழையின் கைப்பொருளைக் கரைத்து வந்த காலம் அது. உலக நலவாழ்வு நிறுவனம் 1977இலேயே இத்தகைய பட்டியலை வெளியிட்டு வழிகாட்டியிருந்தது. ஆயினும், சட்டம் வந்ததும் உதவி வழங்கும் அமெரிக்காவின் தூதரே அதனை மறுஆய்வு செய்யுமாறு வற்புறுத்தினார். சீர்திருத்தம் தம் வணிகத்தைத் தொட்டபோது அது கசந்தது போலும்! டாக்டர் ஜஃப்ருல்லா சௌத்ரி போன்றோர் உள்நாட்டில் உறுதியாக நின்றனர், சட்டம் பிழைத்தது. அது எர்ஷாதின் இராணுவ ஆட்சியில் பிறந்தது என்பது நமக்கு உவப்பான செய்தியன்று. எனினும், இன்று அந்நாட்டின் மருந்துத் தேவையில் பெரும்பகுதியை அந்நாட்டு ஆலைகளே நிறைவு செய்கின்றன.

1998இல் நடந்தது வேறு. உலக வங்கியும் பிற கொடையாளரும் துணைநிற்க, நலவாழ்வுப் பிரிவையும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவையும் ஒன்றாக்கும் திட்டம் தொடங்கிற்று. காகிதத்தில் குறை காண இயலாத ஏற்பாடுதான். ஆனால், இணைப்பைப் பணியாளரிற் பலர் ஏற்கவில்லை. 2001இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. சிற்றூர்களில் எழுப்பிய சமுதாய மருத்துவ நிலையங்களும் மூடிக்கிடந்து, 2009இல்தான் மீண்டும் உயிர்பெற்றன.

அயல்நாட்டு நிதி அந்நாட்டில் நற்பயன் விளைத்ததும் உண்டு. 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் உள்நாட்டுத் தொண்டு நிறுவனம், அந்நிதியின் துணையோடு, ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளரை அனுப்பியது. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பும் வெல்லமும் நீரிற் கரைத்து ஊட்டத் தாய்மாருக்குக் கற்பித்தனர். நிபந்தனை அங்கும் இருந்தது. ஆனால் அதனை விதித்தது பிராக். கற்பித்ததைத் தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் எனப் பின்னர் ஒருவர் சென்று வினவுவார். அதற்கேற்பவே பணியாளரின் ஊதியம் அமைந்தது.