நான்கு வரி வசனம் போதாதா?

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் நாடகத்தில் இவ்வாண்டு எனக்குக் கிடைத்தது கதாநாயகியின் அப்பா வேடம். மொத்தமே நான்கு வரி வசனம். விலகிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனத்தை மாற்றியவர் நடிகர் டெல்லி கணேஷ்.

2024 நவம்பரில், 80 வயதில் அவர் காலமானபோது என் நண்பர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியவில்லை. படத்தைக் காட்டியதும், "ஓ, இவரா? எல்லாப் படத்திலும் வருவாரே!" என்றார்கள். 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவரை நாம் நினைவில் வைத்திருப்பது இப்படித்தான்.

வல்லநாட்டில் பிறந்த கணேஷ், 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடித்தார். 1977ல் வெளிவந்த 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அவரை அறிமுகப்படுத்திய கே. பாலசந்தர்தான் 'டெல்லி கணேஷ்' என்று பெயரும் வைத்தார். அப்போது அவர் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

அதன் பிறகு அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 'பசி'யில் ரிக்‌ஷா தொழிலாளி. அதற்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கம் உள்ள மிருதங்கக் கலைஞர். 1989ல் 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன். மறு ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையல்காரர். முந்தைய படத்தில் வெறுத்த முகத்தைப் பார்த்து அடுத்த படத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள் ரசிகர்கள்.

என்னை அதிகம் பாதித்தது 'நாயகன்' படத்தின் ஐயர் பாத்திரம். தமிழ் மட்டுமே பேசும் வேலு நாயக்கருக்கும் இந்தி பேசும் மும்பைக்காரர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் அவர். பலதுறை மருந்தகத்தில் பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்த்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நாம் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் எல்லாமே தவறாகிவிடும். கமல்ஹாசன் பேசும்போது, கணேஷ் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள்.

"அப்படியானால் கிடைத்ததோடு திருப்தி அடையச் சொல்கிறாயா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பெரிய வேடத்துக்கு ஆசைப்படுவதில் தவறே கிடையாது. கிடைத்த வேடத்தை அரைமனத்தோடு செய்வதுதான் தவறு. குழுத் திட்டப்பணிகளில் எல்லாரும் மேடையேறிப் படைக்கவே விரும்புகிறோம். தரவுகளைச் சரிபார்க்க ஆள் கிடைப்பதில்லை. கடைசியில் மதிப்பெண் குறைவது அந்த இடத்தில்தான்.

நம் பள்ளி, கல்லூரி நாடகங்களிலும் நாயகன், நாயகியைப் பாராட்டியவுடன் கலைந்துவிடுகிறோம். அடுத்த நாடகத்தில் துணை வேடம் ஏற்றவரிடமும் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். அவர் அந்தக் காட்சிக்கு எப்படித் தயாரானார் என்று கேளுங்கள்.

நான் ஒத்திகைக்குத் திரும்பிவிட்டேன். மகள் தன் முடிவைச் சொல்லும் காட்சியில் எனக்கு வசனமே இல்லை. அவள் பேசுவதை நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரமாக அதைத்தான் பயிற்சி செய்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.