முடக்குங்க சாமி, ஆனா கேட்டுட்டு முடக்குங்க!

ஒரு ஆளை போலீஸ் பிடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அரசியல் சட்டமே சொல்லுது. அதே ஆளோட பேங்க் கணக்கைப் பிடிச்சா? அதுக்கு 24 மணி நேரக் கணக்கும் கிடையாது, ஜாமீனும் கிடையாது. ஆள் வெளியில சுத்தலாம். அரிசி வாங்க முடியாது. அவ்வளவுதான்!

உடனே “திருடனுக்கு வக்காலத்தா?”ன்னு ஒரு அனானி வருவார். வாங்கண்ணே. ஆன்லைன் மோசடியில போன பணம் நிமிஷத்துல நாலு கணக்கு தாண்டிடும். 1930க்கு போன் அடிச்சதும் அதை நிறுத்தத்தான் வேணும். பணத்தைப் பறிகொடுத்த பென்ஷன்காரருக்கு அது உயிர் போற விஷயம். முடக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. யார் சொல்லி, எவ்வளவு, எத்தனை நாள்? இந்த மூணுதான் என் கேள்வி.

பேங்க் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய ‘சொத்து’தான்னு உச்ச நீதிமன்றம் 1999லயே சொல்லிருச்சு. அன்னைக்கு சிஆர்பிசி 102, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில 106. சந்தேகம் போதும், முன்கூட்டியே கோர்ட் உத்தரவு தேவையில்லை. முடக்கிட்டு மாஜிஸ்திரேட்டுக்கு ‘உடனே’ தெரிவிக்கணும். தெரிவிக்கலைன்னா? தாமதமானதாலயே முடக்கம் செல்லாமப் போயிடாதுன்னு 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதிகாரி மேல துறை நடவடிக்கை வேணா வரலாமாம். டீக்கடைக்காரருக்கு அதனால என்ன பிரயோஜனம்?

ஆமா, டீக்கடைக்காரர். யாரோ ஒருத்தன் க்யூஆர் கோடுல 200 ரூபாய் போட்டுட்டுப் போறான்னு வெச்சுக்குவோம். அது மோசடிப் பணம்னு அவருக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ வடக்கே ஒரு ஸ்டேஷன்ல இருந்து வந்த மெயிலை வெச்சு மொத்தக் கணக்கையும் பூட்டிட்டு, “அங்க போய்க் கேளுங்க”ன்னு பேங்க் கையை விரிச்சா, அவர் எந்த ரயிலைப் பிடிப்பார்?

கற்பனைன்னு தள்ளிடாதீங்க. 2024ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்குல சந்தேகத் தொகை சுமார் ரூ.2.5 லட்சம். கணக்குல இருந்ததோ ரூ.9 லட்சத்துக்கு மேல. முடக்கினது மொத்தத்தையும்! சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவெச்சுட்டு மிச்சத்தை விடச் சொன்னாங்க நீதிபதி. கேரள உயர் நீதிமன்றம் 2023லயே இதே வழியைக் காட்டுச்சு. ஆனா ரிட் போடக் காசு இருக்கிறவனுக்குத்தானே இந்த வழி? வக்கீல் பீஸும் அந்தப் பூட்டின கணக்குலதானே இருக்கு!

சரி, கோர்ட் மூலமா முடக்கினா எல்லாம் சுபமா? புதுச் சட்டத்துல 107ன்னு ஒரு பிரிவு. எஸ்.பி. ஒப்புதலோட போலீஸ் கோர்ட்டுக்குப் போகணும். கோர்ட் 14 நாள் விளக்க நோட்டீஸ் கொடுக்கணும். இது நல்ல முறை. அவசரம்னா எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவும் போடலாம், அதுவும் சரி. அடுத்த வரியிலதான் இடிக்குது. குற்றத்துல வந்த சொத்துன்னு கோர்ட் முடிவு பண்ணிட்டா, கலெக்டர் 60 நாளுக்குள்ள பாதிக்கப்பட்டவங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடணும். தண்டனை வரணும்னு நிபந்தனையே இல்லை. பத்து வருஷம் கழிச்சு ஆள் நிரபராதின்னு விடுதலையானா, பிரிச்ச பணத்தை யார் கிட்டப் போய்க் கேட்பான்? அந்தப் பிரிவுல அதுக்குப் பதில் இல்லை.

நான் கேட்கிறது மூணே மூணு:

1. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்துங்க, மொத்தக் கணக்கை இல்லை.
2. 24 மணி நேரத்துக்குள்ள காரணத்தை எழுத்துல கொடுங்க, கணக்குக்காரருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும்.
3. 14 நாளுக்குள்ள கோர்ட் உத்தரவு வாங்குங்க. இல்லைன்னா தானா விடுபடணும். தீர்ப்பு வர்றவரைக்கும் பிரிச்சுக் கொடுக்காதீங்க.

உடம்பைப் பூட்டக் கோர்ட்டைக் கேட்கிற நாடு, வயித்தைப் பூட்டவும் கேட்கணும். அம்புட்டுத்தேன்.

டிஸ்கி: “மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு?”ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: உங்க மடியில யார் எதைப் போட்டாங்கன்னு யூபிஐ காலத்துல உங்களுக்கே தெரியாது சாமி.