பாகம் கையில், வண்டி தெருவில்

சேலையூரில் காய்கறியும் மளிகையும் விற்றுப் பிழைப்பவன் நான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டுக்குக் கிளம்புவது வழக்கம். சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழவில்லை. முன்பலகையில் நியூட்ரலைக் குறிக்கும் எழுத்து மட்டும் விட்டு விட்டு எரிந்தது. நானும் கடைப் பையனும் தள்ளி ஓரம் கட்டினோம். அன்று முழுவதும் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர வேறு காய் கிடையாது. வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு முருங்கைக்காய் கேட்டு வந்த வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அவர்களில் நாலைந்து பேர் இன்னும் திரும்பவில்லை.

வண்டி ஏழு பேர் உட்காரும் வேன். பின் இருக்கையை எடுத்துவிட்டால் ஏழெட்டு மூட்டை கொள்ளும். (வெள்ளை நம்பர் பலகை வண்டியில் சரக்கு ஏற்றலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.) அதில் கிளட்ச் மிதி கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் நின்றே என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. வேளச்சேரி மெயின் ரோடு நெரிசலில் நிமிடத்துக்கு நாலு தடவை கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் இந்த வகை வண்டியை வாங்கினேன்.

இந்த வகையில் கியர் பெட்டி பழைய கியர் பெட்டிதான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் காலும் கையும் செய்யாமல் சின்ன மோட்டார்கள் செய்கின்றன. சில வண்டிகளில் எண்ணெய் அழுத்தம் அதைச் செய்கிறது. எப்போது மிதிப்பது, எந்தக் கியரைப் போடுவது என்று அவற்றுக்கு உத்தரவு கொடுப்பது கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. மெக்கானிக்குகள் அதை டி.சி.யு. என்றும் கியர் மாட்யூல் என்றும் சொல்கிறார்கள். நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்த ஏற்பாடு பரவத் தொடங்கியது. இன்று சிறு கார்களிலும் குடும்ப வேன்களிலும் சர்வ சாதாரணம்.

நம் தெரு மெக்கானிக் தம்பி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். இரண்டு பிழை எண்கள் வந்தன, பி 0700, யு 0101. "அண்ணே, இந்த நம்பரைப் பார்த்ததும் மாட்யூல் போச்சுன்னு சொல்லிடுவாங்க. அவசரப்படாதீங்க" என்றார். முதல் எண்ணுக்கு கியர் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு என்று மட்டும் பொருள். இரண்டாவது எண், மாட்யூலிடமிருந்து பேச்சு வரவில்லை என்கிறது. பேச்சு வராததற்கு மாட்யூல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேட்டரி பலமிழந்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பகுதித் தெருக்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் நுழைந்த கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுத்தம் செய்து எர்த்தை மாற்றிக் கட்டினார். வண்டி ஓடியது. கூலி 600 ரூபாய்.

ஒன்பதாம் நாள் மறுபடி நின்றது. இம்முறை மாட்யூலுக்குப் போகும் கரண்டு சரி, எர்த் சரி, இடையில் உள்ள ஒயர்களும் சரி என்று மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். மாட்யூல்தான் ஊமையாகிவிட்டது. உத்தரவாதக் காலமோ முடிந்துபோயிருந்தது. ஜி.பி. ரோட்டுக்குப் போய், பில் போட்டு, 28,500 ரூபாய்க்குப் புதிய மாட்யூல் வாங்கி வந்தேன். தம்பி அரை மணி நேரத்தில் மாட்டினார். நாலு திருகாணி, ஒரு கனெக்டர்.

வண்டி அசையவில்லை. காரணம் இதுதான்: புது மாட்யூல் எதுவும் எழுதாத சிலேட்டு மாதிரி வருகிறது. இது எந்த வண்டி, எந்த எஞ்சின் என்று அதில் எழுத வேண்டும். பிறகு இந்த வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஒவ்வொரு கியரும் எங்கே இருக்கிறது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்கு வேண்டிய மென்பொருள் வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் மட்டுமே இருக்கிறது. தம்பியின் ஸ்கேனருக்குப் படிக்கத் தெரியும், எழுத அனுமதி இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு பணிமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "வெளியில் வாங்கிய பாகத்துக்கு நாங்கள் புரோகிராம் போடுவதில்லை" என்றார்கள். கூலி தருகிறேன் என்றேன், பில்லைக் காட்டினேன், அதே கம்பெனியின் முத்திரை இருப்பதைக் காட்டினேன். முடியாது என்பதில் மாற்றமில்லை. எங்களிடம் வாங்கினால் மாட்டித் தருவோம், பாகம் வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். வேறு வழி? வண்டி மொத்தம் 17 நாள் நின்றது. எட்டு நடை குட்டி யானை வாடகைக்கு எடுத்தேன், நடைக்கு 1,800 ரூபாய். இரண்டாவது மாட்யூலும் கூலியும் 34,200. முதல் மாட்யூலை எடுத்துக்கொள்ள ஜி.பி. ரோட்டுக் கடைக்காரர் மறுத்துவிட்டார். மின்சாமான் மாட்டிவிட்டால் திரும்ப எடுப்பதில்லை என்பது அந்தத் தெருவின் வழக்கம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆகமொத்தம் 77,100 ரூபாய். கெட்டுப்போனது ஒரு பாகம், நான் விலை கொடுத்தது இரண்டுக்கு.

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அதன் வேன்கள் நம் கடை வாசல்களில் நின்றன. 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்ற பிறகும் வண்டிகளை ஓட்டினோம். பிறகு 1984-இல் வந்த மாருதி வேனை, ஆம்னி என்ற பெயரில் 2019 வரை விற்றார்கள். கிளட்ச் கேபிள் அறுந்தால் எந்த மரத்தடி மெக்கானிக்கும் புதியது மாட்டுவார். பாகத்துக்கு விலை கொடுத்தால் அது நம்முடையது. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, என் முழங்காலே அதற்கு ஒப்பாது. காசு கொடுத்து வாங்கிய பாகத்தை வேலை செய்ய வைக்கும் உரிமையைத்தான் கேட்கிறேன்.

இது நமக்குப் புதிய தந்திரம் அல்ல. ஓடுகிற சோப்பு வேண்டுமானால் ஓடாத பவுடரையும் பத்துப் பெட்டி எடு என்று ஏஜென்சிக்காரர் சொன்னபோது நாம் எவ்வளவு கொதித்தோம்! (தட்டுப்பாட்டுக் காலத்தில் நம்மிலும் சிலர் சர்க்கரையோடு வேறு சாமானைத் தலையில் கட்டியதுண்டு. அதையும் மறைக்க வேண்டாம்.)

கம்பெனிகள் சொல்லும் காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கிளட்ச் பிடிக்கும் இடத்தைத் தப்பாக எழுதினால் வண்டி பாய்ந்துவிடும். திருட்டு வண்டியின் மாட்யூல் கைமாறும் ஆபத்தும் இருக்கிறது. புதுப்பேட்டைப் பக்கம் பில் இல்லாமல் பழைய பாகம் வாங்குபவர்களுக்கு இது தெரியும். அதற்காக எல்லோருக்கும் கதவை அடைப்பதா? பயிற்சி கொடுங்கள், சான்றிதழ் கொடுங்கள், கட்டணம் வாங்குங்கள், யார் எந்த வண்டிக்கு எழுதினார் என்று பதிவு வையுங்கள். பணம் போட்டுக் கருவி வாங்கி வைத்திருக்கும் பணிமனைக்காரரும் வணிகர்தான். அவர் தன் கூலியை வாங்கிக்கொள்ளட்டும். பாகத்தையும் என்னிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்துவதுதான் தவறு.

இப்படிச் சொல்வது நான் மட்டும் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு வரவிடாமல் அடைத்து வைத்தார்கள் என்பதே குற்றம். தனி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்க வழி செய்ய வேண்டும், வெளியில் பழுது பார்த்தால் உத்தரவாதம் அடியோடு ரத்து என்று பொத்தாம் பொதுவாக விதி போடக் கூடாது என்றும் ஆணையிட்டது. அபராத விவகாரம் மேல்முறையீடுகளில் இழுபட்டது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்களே ஓட்டுப் போட்டு இதைச் சட்டமாக்கினார்கள். 2014-இல் கார் கம்பெனிகள் அந்த நாடு முழுவதற்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. என்னைப் போன்ற ஒற்றைக் கடைக்காரர் அந்த விலக்கைக் கேட்டுப் பார்க்கலாம். ஐந்தாறு வண்டி ஓட்டும் மொத்த வியாபாரி உள்ளே நுழைவதே கடினம். ஆனால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, வணிகச் சங்கமும் ஆணையத்திடம் தகவல் கொடுக்கலாம் என்று பெயர் சொல்லியே இடம் தருகிறது. தனி ஆளாக நான் போய் நிற்பதைவிட, நம் சங்கம் பத்துப் பேரின் பில்லோடு போவதில் பலம் அதிகம்.

ஆகவே நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: வரும் பொதுக்குழுவில் இதைத் தனிப் பொருளாக எடுங்கள். இதே போல் மாட்டிக்கொண்ட உறுப்பினர்கள் பாகம் வாங்கிய பில், பணிமனை கொடுத்த மதிப்பீடு, வண்டி நின்ற நாட்கள், வாடகை வண்டிக்குக் கொடுத்த ரசீது ஆகியவற்றின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பணிமனை மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் அன்று கேட்காமல் விட்டேன். என் பில்கள் இரண்டையும் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். மாட்டப்படாத மாட்யூல் என் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது, சாட்சிக்கு வேண்டுமானால் அதையும் கொண்டுவருகிறேன்.